கட்டற்ற வீரர்களும் கிரீன் பே ரசிகர்களும்

அமெரிக்கக் காற்பந்தில் ஒப்பந்தக் காலம் முடிந்து, தான் விரும்பும் அணியில் சேரும் உரிமை பெற்ற வீரர் கட்டற்ற வீரர் எனப்படுகிறார். அவரைச் சேர்ப்பதா, வேண்டாமா, என்ன விலைக்குச் சேர்ப்பது என்று முடிவெடுப்பவர் அணியின் பொது மேலாளர். 1993 மார்ச் மாதத்தில் இந்த உரிமை முழு வடிவில் நடைமுறைக்கு வந்தது. அதுமுதல் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் ரசிகர்கள் பொது மேலாளரின் முடிவுகளை எடைபோட்டு, குறைகூறி, மாற்று யோசனை சொல்லி வருகின்றனர். இந்த வழக்கம் மிகத் தெளிவாகத் தெரியும் இடங்களுள் ஒன்று விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரம். அங்குள்ள பேக்கர்ஸ் அணியில் ரசிகர்களே பங்குதாரர்கள். 1992 முதல் 2019 வரை அந்த அணியில் நடந்தவை, வீரர்களை வாங்குவது குறித்து ரசிகர்களின் எதிர்பார்ப்பு எப்படி உருவாகிறது, அது எப்போது பலிக்கிறது, எப்போது பொய்க்கிறது என்பதற்கு நல்ல சான்றாகும்.

ரசிகர்களே பங்குதாரர்கள்

தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்-இல் பேக்கர்ஸ் தவிர்த்த எல்லா அணிகளும் செல்வந்தர்களுக்கோ குடும்பங்களுக்கோ சொந்தமானவை. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் கிரீன் பே நகரத்தின் அணி மட்டும் லாப நோக்கற்ற பொது நிறுவனமாக இயங்குகிறது. பணமுடையில் தவித்த அணியைக் காப்பாற்ற 1923இல் முதன்முதலாகப் பங்குகள் விற்கப்பட்டன. பின்னர் 1935, 1950, 1997, 2011, 2021 ஆகிய ஆண்டுகளிலும் பங்கு விற்பனை தொடங்கியது. இன்று பங்குதாரர்களின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டும்.

இந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. சந்தையில் விற்கவும் முடியாது. பங்குதாரருக்குக் கிடைப்பது இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும், ஆண்டுதோறும் கூடும் பங்குதாரர் கூட்டத்தில் கலந்துகொள்ளும் உரிமையும் மட்டுமே. எந்த வீரரைச் சேர்ப்பது என்பதில் அவருக்கு வாக்கு இல்லை.

இப்படி ஒதுக்கி வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி பெற்றுத் தந்த கடைசிப் பட்டம் 1968 ஜனவரியில் வந்தது. அதன் பின் 1991 வரையிலான ஆண்டுகளில் அணி இரண்டே முறைதான் தகுதிச் சுற்றுக்கு முன்னேறியது. அக்காலத் தவறுகளில் பெயர்போனது 1974இல் நடந்த ஜான் ஹேடல் பரிமாற்றம். பயிற்சியாளராகவும் பொது மேலாளராகவும் இருந்த டான் டெவைன், 34 வயதான அந்த குவார்ட்டர்பேக்கைப் பெறுவதற்காக 5 இளம் வீரர் தேர்வு வாய்ப்புகளை விட்டுக்கொடுத்தார். அவற்றில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள். அடுத்த ஆண்டு ஹேடல் 6 டச்டவுன் பந்துகளை வீசி, 21 முறை பந்தை எதிரணியின் கையில் கொடுத்தார்.

1989இல் தலைவரான பாப் ஹார்லன், செயற்குழு உறுப்பினர்கள் ஆட்ட விவகாரங்களில் தலையிடுவதே அணியின் சரிவுக்கு ஒரு காரணம் என்று கருதினார். 1991 நவம்பரில் ரான் உல்ஃபைப் பொது மேலாளராக நியமித்தபோது, வீரர்கள் தொடர்பான முழு அதிகாரத்தையும் அவரிடமே ஒப்படைத்தார். ஊரே உரிமையாளர் என்றாலும் முடிவு ஒருவர் கையில் என்ற ஏற்பாடு இப்படித்தான் நிலைபெற்றது. அதன் பின் பங்குதாரருக்கு எஞ்சியது கருத்துச் சொல்லும் உரிமைதான்.

வீரர்களின் கட்டு அவிழ்ந்த வரலாறு

1993க்கு முன்பு ஒப்பந்தம் முடிந்த வீரரும் பெயரளவில்தான் விடுதலை பெற்றவர். ‘ரொசெல் விதி’ என்று அழைக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, ஒரு வீரரைச் சேர்க்கும் அணி அவருடைய பழைய அணிக்கு ஈடு தர வேண்டும். எவ்வளவு ஈடு என்பதைக் கூட்டமைப்பின் ஆணையரே முடிவு செய்வார். ஈட்டின் அளவு முன்கூட்டித் தெரியாததால் பிற அணிகள் தயங்கின. ஜான் மேக்கி முதலான வீரர்கள் தொடுத்த வழக்கில், 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விதி வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அடுத்து வந்த ஒப்பந்தங்களும் வேறு பெயரில் தடைகளை வைத்திருந்தன.

1987இல் வீரர்கள் நடத்திய வேலைநிறுத்தம் தோற்றது. 1989இல் அணிகள் ‘பிளான் பி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. ஒவ்வோர் அணியும் 37 வீரர்களைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளலாம், மற்றவர்கள் வெளியேறலாம் என்பது அதன் சாரம். நல்ல வீரர்கள் அனைவரும் அந்த 37 பேருக்குள் அடங்கிவிட்டனர். ஃப்ரீமன் மெக்நீல் முதலானோர் தொடுத்த வழக்கில் 1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் நகர நடுவர் குழு இத்திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவு சொன்னது. தொடர்ந்து ரெஜி ஒயிட் பெயரில் வீரர்கள் அனைவருக்குமாக ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 1993 ஜனவரியில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. வீரர்களுக்கு இடம்மாறும் உரிமை கிடைத்தது. பதிலுக்கு, அணிகள் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு விதிக்க வீரர் சங்கம் ஒப்புக்கொண்டது. 1994இல் அந்த வரம்பு ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர். 2019இல் அது 18.82 கோடி டாலராக உயர்ந்தது.

ரசிகர்களின் விவாதத்துக்கு அடிப்படை இந்த உச்சவரம்புதான். ஒருவருக்குக் கொடுக்கும் பணம் இன்னொருவரிடமிருந்து எடுக்கும் பணமாகிறது. எல்லா அணிகளுக்கும் ஒரே வரம்பு என்பதால், முதலாளியிடம் பணம் இல்லை என்ற சாக்கு செல்லாது. வெற்றியும் தோல்வியும் தேர்ந்தெடுத்தவரின் மதிநுட்பத்தைப் பொறுத்தவை என்ற எண்ணம் வலுப்பெற்றது. சம்பள விவரங்கள் செய்தித்தாள்களில் வெளிவந்ததால் எந்த ரசிகரும் கணக்குப் போட முடிந்தது.

ரெஜி ஒயிட் கற்பித்த பாடம்

புதிய உரிமை வந்தபோது கிரீன் பே ஆதாயம் பெறும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. சிறிய ஊர், கடுங்குளிர், கறுப்பின மக்கள் மிகக் குறைவாக வாழும் இடம். வீரர்கள் பெருநகரங்களுக்கே போவார்கள் என்ற அச்சம் பரவலாக இருந்தது.

அந்த ஆண்டு சந்தையில் இருந்தவர்களுள் தலையானவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் ரெஜி ஒயிட். அங்கே 121 ஆட்டங்களில் 124 முறை எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியிருந்தார். பல நகரங்களைச் சுற்றிப் பார்த்த அவர், 1993 ஏப்ரலில் 4 ஆண்டுகளுக்கு 1.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கிரீன் பேயைத் தேர்ந்தெடுத்தார். அவர் ஒரு கிறித்தவப் போதகர். கடவுள் வழிகாட்டும் இடத்துக்கே போவேன் என்று சொல்லியிருந்தார். அவருடைய வருகை, கிரீன் பே கறுப்பின வீரர்களும் விரும்பி வரக்கூடிய ஊர் என்பதை மற்றவர்களுக்கு உணர்த்தியது. ஷான் ஜோன்ஸ், சன்டானா டாட்சன் முதலானோர் அடுத்த ஆண்டுகளில் வந்து சேர்ந்தனர்.

1997 ஜனவரி 26 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் பேக்கர்ஸ் 35–21 என்ற கணக்கில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை வென்றது. ஒயிட் 3 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். ஆட்ட நாயகன் விருது பெற்றவர் டெஸ்மண்ட் ஹவர்ட். அவரும் 1996இல் குறைந்த விலைக்குச் சேர்க்கப்பட்ட கட்டற்ற வீரரே. பட்டம் வென்ற சில வாரங்களில் அதே உரிமையைப் பயன்படுத்தி அவர் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்குச் சென்றார்.

29 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அந்தப் பட்டம் ரசிகர்கள் மனத்தில் ஒரு சூத்திரத்தைப் பதித்தது. சரியான ஒரு பெரிய வீரரை வாங்கினால் அணியின் தலையெழுத்தே மாறும் என்பது அது. அந்த அணியின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் சந்தையில் வாங்கப்பட்டவர் அல்லர். 1992இல் அட்லாண்டாவுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்பைக் கொடுத்துப் பெறப்பட்டவர். மற்றும் பலர் இளம் வீரர் தேர்வில் வந்தவர்கள். ஆனால் நினைவில் முன்னே நின்றவர் ஒயிட்தான்.

டெட் தாம்சனின் வழி

2001இல் உல்ஃப் ஓய்வுபெற்றபின் பயிற்சியாளர் மைக் ஷெர்மனே பொது மேலாளர் பொறுப்பையும் ஏற்றார். அணி வென்றுகொண்டிருந்தது. ஆனால் வீரர்களை வாங்கியதில் சில கணக்குகள் தப்பின. 2002இல் பெரும் தொகைக்குச் சேர்க்கப்பட்ட ஜோ ஜான்சன், காயங்களால் இரு பருவங்களில் மிகச் சில ஆட்டங்களே ஆடினார். அவருக்கான செலவு வரம்புக் கணக்கில் சுமையாகத் தங்கியது.

2005 ஜனவரியில் ஹார்லன் அந்தப் பொறுப்பை டெட் தாம்சனிடம் கொடுத்தார். தாம்சன் ஹூஸ்டன் ஆய்லர்ஸ் அணியில் 10 ஆண்டுகள் ஆடியவர். 1990களில் உல்ஃபின் கீழ் கிரீன் பேயில் வீரர்களை மதிப்பிடும் பணியில் இருந்தவர். பின்னர் சியாட்டில் அணியில் பணியாற்றினார். குறைவாகப் பேசுபவர். தன் முடிவுகளுக்குச் செய்தியாளர்களிடம் நீண்ட விளக்கம் தரும் வழக்கம் அவருக்கு இல்லை.

பொறுப்பேற்ற சில வாரங்களில், ஃபார்வைக் காத்து நின்ற முன்வரிசை வீரர்களான மைக் வாலும் மார்க்கோ ரிவேராவும் முறையே கரோலினாவுக்கும் டாலஸுக்கும் போயினர். வரம்புக்குள் அவர்களை நிறுத்திக்கொள்ளப் பணம் போதவில்லை. ஏப்ரலில் நடந்த இளம் வீரர் தேர்வில் 24ஆவது இடத்தில் ஆரன் ராட்ஜர்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை தாம்சன் எடுத்தார். ஃபார்வ் ஆடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு குவார்ட்டர்பேக் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு அணி 4 ஆட்டங்களில் வென்று 12இல் தோற்றது.

தாம்சனின் அணுகுமுறைக்குப் பின்னால் கூட்டமைப்பின் ஒரு விதியும் இருந்தது. ஓர் அணி வாங்கும் கட்டற்ற வீரர்களைவிட இழப்பவர்கள் அதிகமாகவோ மதிப்பு மிக்கவர்களாகவோ இருந்தால், அடுத்த ஆண்டின் இளம் வீரர் தேர்வில் அதற்கு ஈடாகக் கூடுதல் வாய்ப்புகள் கிடைக்கும். வெளியிலிருந்து ஒருவரை வாங்கினால் அந்த ஈடு குறைந்துவிடலாம். 2011இல் கலன் ஜென்கின்ஸும் டேரின் காலெட்ஜும் வெளியேறினர். 2012இல் நான்காம் சுற்றின் முடிவில் கிரீன் பேக்கு இரண்டு ஈட்டு வாய்ப்புகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் எடுக்கப்பட்ட மைக் டேனியல்ஸ் பல ஆண்டுகள் அணியின் தற்காப்பு வரிசையில் தூணாக நின்றார். ஒருவர் வெளியேறுவது அன்றைய செய்தி. அதனால் கிடைத்த வரவு தெரிய மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்.

தாம்சன் வாங்கவே மாட்டார் என்று சொல்வதும் சரியன்று. 2006இல் சார்லஸ் வூட்சனையும் ரயன் பிக்கெட்டையும் சேர்த்தார். அப்போது வூட்சனைத் தேடி வந்த அணிகள் அதிகம் இல்லை. அவருக்கும் கிரீன் பே முதல் விருப்பமாக இருக்கவில்லை. 2009இல் 9 பந்துகளை இடைமறித்து அவர் கூட்டமைப்பின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்றார்.

ஃபார்வ் விவகாரம்

2007 வசந்த காலத்தில் ராண்டி மாஸ் என்ற பந்து பிடிக்கும் வீரரைப் பெற ஃபார்வ் விரும்பினார். மாஸ் கட்டற்ற வீரர் அல்லர், பரிமாற்றத்தில் கிடைக்கக்கூடியவர். நியூ இங்கிலாந்து அணி ஒரு நான்காம் சுற்று வாய்ப்பை மட்டும் கொடுத்து அவரைப் பெற்றது. ஃபார்வ் தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்கள் பலர் அவர் பக்கம் நின்றனர். அந்தப் பருவத்தில் மாஸ் 23 டச்டவுன்கள் பிடித்துக் கூட்டமைப்பின் சாதனையை முறியடித்தார். பேக்கர்ஸும் 13 ஆட்டங்களில் வென்று, 2008 ஜனவரியில் சொந்த லாம்போ மைதானத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸை எதிர்கொண்டது. கூடுதல் நேரத்தில் ஃபார்வின் பந்து இடைமறிக்கப்பட்டு 23–20 என்று தோற்றது. மாஸ் இருந்திருந்தால் என்ற கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை நிறுத்தவும் முடியவில்லை.

2008 மார்ச்சில் ஃபார்வ் கண்ணீருடன் ஓய்வை அறிவித்தார். கோடையில் திரும்பி வர விரும்பினார். அதற்குள் தாம்சனும் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தியும் ராட்ஜர்ஸைத் தலைமை குவார்ட்டர்பேக்காக வைத்துத் திட்டமிட்டிருந்தனர். ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே ஃபார்வுக்கு ஆதரவாகக் கூடினர். பயிற்சிக் காலத்தில் ராட்ஜர்ஸை நோக்கிச் சிலர் கூச்சலிட்டனர். ஆகஸ்டில் ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டு பேக்கர்ஸ் 6 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. 2009இல் ஃபார்வ் பரம எதிரியான மினசோட்டா வைக்கிங்ஸில் சேர்ந்து, பேக்கர்ஸை இரண்டு முறையும் வென்றார். தாம்சன் மீதான கோபம் உச்சத்தைத் தொட்ட காலம் அது.

2011 பிப்ரவரி 6

2010 பருவத்தில் பேக்கர்ஸ் தன் பிரிவுக் குழுவின் கடைசித் தகுதி இடத்தைப் பிடித்தது. 15 வீரர்கள் காயத்தால் பருவம் முழுவதும் ஆட முடியாதோர் பட்டியலுக்குப் போயிருந்தனர். எனினும் ஃபிலடெல்ஃபியா, அட்லாண்டா, சிகாகோ ஆகிய மூன்று அணிகளையும் அவற்றின் சொந்த மண்ணில் வென்று சூப்பர் பௌலுக்குச் சென்றது. டெக்சஸ் மாநிலத்தில் 2011 பிப்ரவரி 6 அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31–25 என்று தோற்கடித்தது. 304 கெஜம் பந்து வீசி 3 டச்டவுன் பெற்ற ராட்ஜர்ஸ் ஆட்ட நாயகனானார்.

அந்த அணியின் பெரும்பகுதி தாம்சன் இளம் வீரர் தேர்வில் எடுத்தவர்களாலும், எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்ட இளைஞர்களாலும் ஆனது. பிற அணிகளிலிருந்து வாங்கப்பட்ட முக்கிய வீரர்கள் வூட்சனும் பிக்கெட்டும்தான். இறுதி ஆட்டத்தில் நிக் காலின்ஸ் பந்தை இடைமறித்து டச்டவுன் அடித்தார். எதிரணி குவார்ட்டர்பேக் பந்தை வீசும்போது அவர் கையைத் தட்டி அதற்கு வழிசெய்த ஹவர்ட் கிரீன், சில மாதங்களுக்கு முன் ஜெட்ஸ் அணி கழற்றிவிட்டபோது சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளப்பட்டவர். அந்த நாளில் அது யாரும் விவாதிக்காத முடிவு.

குறைகூறல் பலித்த காலம்

வெற்றிக்குப் பின் ரசிகர்களிடம் புதிய சூத்திரம் பிறந்தது. வாங்காமல் வளர்ப்பதே சிறந்த வழி என்பது அது. ‘டெட்டை நம்புவோம்’ என்பது கிரீன் பேயில் வழக்குச் சொல்லாயிற்று. ஆனால் அந்த வழி, தேர்வுகள் தொடர்ந்து பலித்தால்தான் செல்லுபடியாகும். 2011க்குப் பிந்தைய ஆண்டுகளில் தற்காப்புக்காக எடுக்கப்பட்ட இளைஞர்கள் பலர் சோபிக்கவில்லை.

2014இல் சேர்க்கப்பட்ட ஜூலியஸ் பெப்பர்ஸ் நன்றாக ஆடினார். அது ரசிகர்கள் நெடுநாள் கேட்டதைப் போன்ற ஒப்பந்தம். மறுபுறம், 2016இல் விட்டுவிடப்பட்ட கேசி ஹேவர்ட் சான் டியேகோ சார்ஜர்ஸுக்குச் சென்று அந்த ஆண்டே 7 இடைமறிப்புகளுடன் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றார். அதே பருவத்தின் முடிவில், 2017 ஜனவரியில், அட்லாண்டாவிடம் 44–21 என்று பேக்கர்ஸ் தோற்றது. பந்து வீச்சைத் தடுக்கும் பின்வரிசை அன்று சிதறிப்போனது. அடுத்த மார்ச்சில் மைக்கா ஹைடும் பஃபலோவுக்குப் போய், அங்கே நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். இந்த இரண்டிலும் ரசிகர்களின் குறைகூறல் வெறும் பின்புத்தி அன்று. பின்வரிசை மெலிந்திருப்பதை அவர்கள் முன்பே சொல்லி வந்தனர்.

அதே 2017இல் தாம்சன் தன் வழக்கத்தை மாற்றி மார்ட்டெலஸ் பென்னட்டை வாங்கினார். முந்தைய ஆண்டு வாங்கி நல்ல பலன் தந்த ஜாரட் குக் வெளியேற விடப்பட்டார். பென்னட் பருவம் முடியும் முன்பே நவம்பரில் நீக்கப்பட்டார். ராட்ஜர்ஸ் காறை எலும்பு முறிவால் பல வாரங்கள் ஆடவில்லை. அணி 7 ஆட்டங்களில் வென்று 9இல் தோற்றது. 2018 ஜனவரியில் தாம்சன் பொறுப்பிலிருந்து விலகினார்.

அவருக்குப் பின் வந்த பிரயன் குடகன்ஸ்ட், 2019 மார்ச்சில் சடேரியஸ் ஸ்மித், பிரெஸ்டன் ஸ்மித், ஏட்ரியன் ஏமஸ், பில்லி டர்னர் ஆகிய நால்வரை ஒரே நேரத்தில் சேர்த்தார். இரண்டு ஸ்மித்துகளும் சேர்ந்து அந்தப் பருவத்தில் 25.5 முறை எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினர். அணி 13 ஆட்டங்களில் வென்றது. பத்தாண்டுகளாகக் கேட்டுவந்தது நிறைவேறியதாக ரசிகர்கள் மகிழ்ந்தனர். ஆயினும் அந்த அணி சூப்பர் பௌலை எட்டவில்லை. அரையிறுதியில் சான் பிரான்சிஸ்கோவிடம் 37–20 என்று தோற்றது.

மதிப்பீடு

கிரீன் பேயின் இந்த 27 ஆண்டுகளில் ரசிகர்கள் ஒவ்வொரு பொது மேலாளரையும் முந்தைய வெற்றியின் அளவுகோலால் அளந்தனர். ஒயிட்டின் நினைவால் தாம்சன் கஞ்சனாகத் தெரிந்தார். 2011இன் நினைவால் அதே கஞ்சத்தனம் சில ஆண்டுகள் ஞானமாகத் தெரிந்தது. உண்மையில் இரண்டு பட்ட அணிகளிலும் கலவை ஒன்றேதான். தேடிப் பெற்று வளர்த்த குவார்ட்டர்பேக், இளம் வீரர் தேர்வில் கிடைத்த அடித்தளம், சரியான நேரத்தில் வாங்கிய இரண்டு மூன்று பேர்.

இரு தரப்பும் பார்க்கும் காலமும் வேறு. ரசிகர் இந்தப் பருவத்தைப் பார்க்கிறார். தனக்குப் பிடித்த குவார்ட்டர்பேக்குக்கு வயதாகிறது என்ற கவலை அவருக்கு உண்டு. பொது மேலாளர் மூன்றாண்டுக்குப் பிந்தைய வரம்புக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறார். ஃபார்வ், ராட்ஜர்ஸ் என்ற இரண்டு மாபெரும் வீரர்கள் அடுத்தடுத்துக் கிடைத்தும் ஆளுக்கு ஒரு பட்டம்தான் வந்தது என்பது பேக்கர்ஸ் ரசிகர்களின் நீங்காத வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. வாங்கி ஏமாந்த வீரரின் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கும். வாங்காததால் நழுவிய வெற்றிக்குப் பெயர் இல்லை. ஆகவே தயங்கும் மேலாளரின் தவறைக் கண்டுபிடிக்க ரசிகரின் ஓயாத கேள்வியைத் தவிர வேறு வழி குறைவு. ஆனால் அதே கேள்விக்குப் பணிந்திருந்தால் 2008இல் ராட்ஜர்ஸ் மைதானத்துக்கு வந்திருக்க மாட்டார்.

தாம்சன் 2019இல் பேக்கர்ஸ் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 2021 ஜனவரியில் தமது 68ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அணி மீண்டும் பங்கு விற்பனையைத் தொடங்கியது. ஒரு பங்கின் விலை 300 டாலர். ஈவுத்தொகை இல்லை, வீரர் தேர்வில் வாக்கு இல்லை என்று தெரிந்தே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகளை மக்கள் வாங்கினர்.